கொழிஞ்சாம்பாறையிலிருந்து தில்லிவரை காரில்: கேள்வி பதில்

மத்திய அரசுப் பணியில் வடக்கே காலம் கழித்து, ஓய்வுக்குப் பின் கேரள–தமிழக எல்லையோர ஊர்களுக்குத் திரும்பியவர்கள் பலர், பழைய நண்பர்களைக் காண ஒருமுறை காரிலேயே போய்வர வேண்டும் என்று விரும்புகிறார்கள். இவ்வழியே தில்லிக்குப் பலமுறை வண்டி ஓட்டிச் சென்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

கோவிந்தாபுரத்திலிருந்து: ஐயா, நானும் மனைவியும் போகிறோம். ஐதராபாத், நாக்பூர், தில்லி ஆகிய மூன்று ஊர்களில் நண்பர்கள் இருக்கிறார்கள். இடையில் பார்க்க வேண்டிய இடங்களையும் பார்க்க வேண்டும். எத்தனை நாள் ஒதுக்கலாம்?

ஒருவழித் தூரம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். நான்கு நாளில் ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். முதலில் நண்பர்களுக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு அந்த நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டையும் கோயிலும் மிஞ்சிய நாள்களில் அடங்கிக்கொள்ளும். ஒரு வீட்டில் இரண்டு இரவாவது தங்குங்கள். இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து காலையில் கிளம்பினால், சமைத்துப் போட்ட நண்பரின் மனைவிக்கு வேலை வைத்ததைத் தவிர வேறு பயன் இல்லை. ஒரு நாளைக்கு 350 முதல் 400 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, பிற்பகலிலேயே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. இந்தக் கணக்கில், போய்வர நான்கு வாரம் வைத்துக்கொண்டால் அவசரம் இராது.

எதைக் கொண்டுபோவது என்றும் கேட்டிருந்தீர்கள். தில்லியில் இருக்கும் பாலக்காட்டுக்காரருக்குக் கல்பாத்தி அப்பளத்தையும், கொண்டாட்டம் எனப்படும் வற்றலையும் விட மேலான பரிசு கிடையாது. அப்பளத்தை டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைத்தால் நாக்பூர் போவதற்குள் தூளாகிவிடும். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் காகிதம் சுற்றி நிறுத்தி வைத்து, பின் இருக்கையின் காலடியில் வையுங்கள்.

குப்பத்திலிருந்து (ஆந்திரம்): ஐயா, பெங்களூருக்குள் நுழையாமல் அனந்தபூர் போக வழி உண்டா? எங்கள் ஊர்ப்பக்கம் வரும் சாலை சரிப்படுமா?

சரிப்படும், போகும்போது நான் பரிந்துரைப்பதே அந்த வழிதான். எங்கள் பக்கத்தவர் வேலந்தாவளம் வழியாகச் சாவடிக்கு வந்து 544ஆம் எண் சாலையில் ஏறி, மதுக்கரை–நீலாம்பூர் புறவழிச்சாலையில் கோவையைச் சுற்றிக்கொண்டு சேலம் வந்தால், அங்கிருந்து 44ஆம் எண் சாலை கிருஷ்ணகிரிக்குக் கொண்டுசேர்க்கும். அங்கே ஓசூர் பக்கம் போகாமல் குப்பத்துக்குத் திரும்பினால், 42ஆம் எண் சாலை மதனப்பள்ளி, கதிரி வழியாக அனந்தபூரில் விடும். 44ஆம் எண் சாலையைப் போல அகலமானதன்று; ஊர்கள் நடுவே போகும்; இரவில் வேண்டாம். ஆனால் பெங்களூர் நெரிசலில் கழியும் நேரம் மிச்சமாகும்.

மேலும், வழியில் பார்ப்பதற்கும் குறைவில்லை. 'ஜன கண மன' பாடலைத் தாகூர் 1919இல் ஆங்கிலத்தில் ஆக்கியது மதனப்பள்ளியில்தான். கதிரிக்கு அருகே உள்ள திம்மம்மா மர்ரிமானு என்ற ஆலமரம் 4.7 ஏக்கர் பரப்பில் படர்ந்திருக்கிறது. விழுதுகளுக்கிடையே நடந்து போகும்போது தாய்மரம் எது என்று கண்டுபிடிப்பதே கடினம். லேபாட்சியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அது 44ஆம் எண் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஊர்.

கொல்லங்கோட்டிலிருந்து: கர்நூலுக்கு வடக்கே, கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

நான் மூன்று இடங்களைச் சொல்வேன். துங்கபத்திரையைக் கடந்ததும் ஆலம்பூர்: பாதாமிச் சாளுக்கியர் காலத்து நவபிரம்மா கோயில்கள், பெயரில் பிரம்மா இருந்தாலும் உள்ளே இருப்பது சிவலிங்கம். அடுத்தது, ஜான்சிக்கு அருகே பேத்வா ஆற்றங்கரையில் உள்ள ஓர்ச்சா. அங்கே ராமர் அரசராகவே வணங்கப்படுவதால் காவலர் அணிவகுத்து மரியாதை செலுத்துகிறார்கள். மூன்றாவது குவாலியர் கோட்டை. கார் மேற்கே ஊர்வாய் வாயில் வழியாகத்தான் மேலே போகும்; பாறையில் செதுக்கிய சமணச் சிலைகள் அவ்வழியில் உள்ளன. கிழக்கு வாயிலிலிருந்து நடந்து ஏறும் பாதையிலுள்ள சிறிய சதுர்புஜக் கோயிலைப் பலர் தவறவிடுகிறார்கள். 876ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டில், 270 என்ற எண்ணின் கடைசியில் பூஜ்யம் சிறு வட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. முழங்கால் ஒத்துழைத்தால் அந்தப் பக்கமாக ஏறுங்கள்.

தாஜ்மகாலுக்கும் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

சித்தூரிலிருந்து (பாலக்காடு): சுங்கச்சாவடிக்கு ஆண்டுப் பாஸ் வாங்குவது லாபமா?

லாபம்தான். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான இந்தப் பாஸ், ஓராண்டு அல்லது சுங்கச்சாவடியை 200 முறை கடப்பது, இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டுமே உரியது என்பதால், ஐதராபாத் வெளிவட்டச் சாலையிலும் ஆக்ரா–நொய்டா யமுனா விரைவுச்சாலையிலும் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் போகும். அதில் இருப்பு வைத்திருங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: எங்கள் கார் கேரளப் பதிவு, பழைய டீசல் வண்டி. வடக்கே தொந்தரவு வருமா? எந்த மாதம் ஏற்றது?

சொந்தக் காருக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, உரிமம் ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தால் போதும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமம் ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பிக்கப்படும், தேதியைப் பாருங்கள். தில்லிதான் சிக்கல். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் மீது அங்கே தடை விதிக்கப்பட்டு, அது பின்னர் தளர்த்தப்பட்டும் மாற்றப்பட்டும் வந்துள்ளது. குளிர்காலத்தில் காற்று மாசு மிகும்போது மேலும் கட்டுப்பாடுகள் வரும். புறப்படும் வாரத்தில் நடப்பில் உள்ள உத்தரவைத் தில்லி நண்பரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் வண்டியை ஆக்ராவில் நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள்.

மாதம் என்றால் பிப்ரவரியின் பிற்பகுதி. டிசம்பர், ஜனவரியில் குவாலியருக்கு வடக்கே மூடுபனி. மே மாதத்தில் நாக்பூர் வெயில் தாங்காது.

வடகரப்பதியிலிருந்து: அப்பா ஒருவர்தான் ஓட்டப்போகிறார். எந்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை?

அம்மா, திரும்பி வரும் கடைசி நாளில்தான். வீடு நெருங்குகிறது என்ற நினைப்பில் வேகம் கூடும். அப்போதுதான் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதிய விபத்துகள் அங்கே பல நடந்துள்ளன. நியூட்ரலில் உருட்டக் கூடாது. இறக்கம் தொடங்குமுன் மூன்றாவது கியருக்கு வந்து, இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விட வேண்டும். லாரிக்கு முன்னால் ஒட்டிப் போக வேண்டாம். முடிந்தால் முந்தைய இரவைத் தர்மபுரியில் கழித்துவிட்டு, விடிந்தபின் இறங்கச் சொல்லுங்கள்.