68,000 ரூபாய் டயரை இஎம்ஐயில் போடலாமா?

கேள்வி: வயது 29, கோவையில் ஐ.டி. வேலை. கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) கார் வைத்திருக்கிறேன். கார் கடனுக்கு மாதம் 14,500, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபிக்கு 10,000 போகிறது. எல்லாச் செலவும் போக 8,000 மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. மாதம் 1,200 கி.மீ. ஓடும். வார இறுதியில் வால்பாறை அல்லது கோத்தகிரி, வருடத்துக்கு ஓரிரு முறை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக். கம்பெனி டயர் தேய்ந்துவிட்டது, ஜூன் மழைக்குள் மாற்ற வேண்டும். இறக்குமதியான 200 ட்ரெட்வேர் (தேய்மான எண்) டயர் நான்குக்கு 68,000 சொல்கிறார்கள். அதை கிரெடிட் கார்டில் 12 மாத இஎம்ஐயில் வாங்க ஆசை. சாலைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர் என்றால் 44,000, சாதாரண டயர் 30,000. 30,000க்கு மேல் கொடுப்பது வீண் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?

பதில்: 44,000 டயரை வாங்குங்கள், கடன் இல்லாமல். உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நீங்கள் ஆசைப்படுவதையும் ஏற்கவில்லை.

டயரின் விலையை நான்கின் மொத்தமாகப் பார்க்காதீர்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண டயர் 50,000 கி.மீ. ஓடும் என்று வையுங்கள்: கிலோமீட்டருக்கு 60 பைசா. சாலைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர் 40,000 கி.மீ.: 1 ரூபாய் 10 பைசா. 200 ட்ரெட்வேர் டயர், தினமும் அலுவலகம் போய்வந்து, மலையேறி, டிராக்கிலும் சுற்றினால், 18,000 கி.மீ. தாண்டினாலே நல்ல விஷயம்: கிட்டத்தட்ட 3 ரூபாய் 80 பைசா. உங்கள் ஓட்டத்துக்கு மாதக் கணக்கில் முறையே 720, 1,320, 4,530 ரூபாய்.

முதல் இரண்டுக்கும் வித்தியாசம் மாதம் 600 ரூபாய். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது முன்னால் போகும் லாரிக்கு ஒரு கார் நீளம் முன்னதாக நிற்கலாம் என்றால், 600 ரூபாய் எனக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை. 120 பிஎஸ் காரில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு இது ஆடம்பரமே இல்லை. ஆனால் அதற்கு மேல் மாதம் கொடுக்கும் 3,200 ரூபாய் என்ன தருகிறது? சூடேறிய டிராக்கில் சில நொடிகள். டிராக்குக்கு நெருக்கமான டயர்களில் பட்டன் ஆழம் பொதுவாகக் குறைவு, தண்ணீர் வெளியேறும் பள்ளங்களும் குறைவு. ரப்பர் நன்றாகச் சூடானால்தான் முழுப் பிடிப்பும் வரும். ஜூலை மாதக் காலையில் வால்பாறைத் தூறலில் அந்தச் சூடு வரவே வராது. அங்கே 44,000 டயர்தான் உங்களைக் காப்பாற்றும்.

இந்த 200 போன்ற ட்ரெட்வேர் எண்களை (எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும் என்று அர்த்தம்) வேதவாக்காக எடுக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் விதிப்படி டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஓர் அளவுகோல் டயரோடு ஒப்பிட்டுப் போடுவது. போடுவது அரசு அல்ல, டயர் கம்பெனியே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட உதவும். வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

இப்போது இஎம்ஐ. 68,000க்கு 12 மாதம், 15 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 6,140. உங்களிடம் மிஞ்சும் 8,000த்தில் அதை எடுத்துவிட்டால் கையில் நிற்பது 1,860. மொத்த வட்டி 5,650 வரும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் பிராசசிங் கட்டணம். வட்டியே இல்லை என்று விற்கும் நோ-காஸ்ட் இஎம்ஐ என்றாலும் வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு: 18,000 கி.மீ. உங்களுக்கு 15 மாதத்தில் முடிந்துவிடும். கடன் அடைத்து மூன்று மாதம் மூச்சுவிட்டால், அடுத்த 68,000 வந்து நிற்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டயர் இறக்குமதி 2020 ஜூன் முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சில அளவுகள் வரும், சில வராது. பள்ளத்தில் இறங்கி ஒரு டயரின் பக்கவாட்டுச் சுவர் வெடித்துவிட்டால் அதே மாடல் கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டாகவோ நான்காகவோ வாங்க வேண்டிவரும். இன்ஷூரன்ஸ் தரும் என்று நினைக்காதீர்கள்: வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடையாது, காரும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் அதிகபட்சம் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் இருக்கிறது; எடுப்பதானால் விதிமுறைகளைப் படித்துவிட்டு எடுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றில் காருக்கு ஏற்படும் சேதம் பாலிசியில் அடங்காது. கரி டிராக்கில் தடுப்பில் மோதினால் மொத்தச் செலவும் உங்களுடையது, கார் கடனும் அப்படியே ஓடும். உங்கள் கேள்வியில் டயரைவிட இதுதான் பெரிய பண விஷயம் என்பேன்.

44,000 எங்கிருந்து? சேமிப்புக் கணக்கில் உள்ள 40,000ஐத் தொட வேண்டாம், அது உங்கள் ஒரு மாதச் செலவுக்கே சரியாகப் போகும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்து மிச்சம் 24,000. எஸ்ஐபியை இரண்டு மாதம் நிறுத்தினால் 20,000. எஸ்ஐபியை நிறுத்து என்று ஒரு நிதி ஆலோசகர் சொல்வது விநோதமாக இருக்கும். ஆனால் 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு மறுபக்கம் எஸ்ஐபி போடுவதில் லாபம் இல்லை. ஜூனில் மறக்காமல் தொடருங்கள். அப்போதே மாதம் 1,300 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்கிவிட்டால் அடுத்த செட்டுக்கு இந்தக் கேள்வியே எழாது.

உள்ளூர்த் தயாரிப்பிலும் விலை கேட்டுப் பாருங்கள். அப்பல்லோ தன் விரெடஸ்டீன் பிராண்டை 2021இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது; எம்ஆர்எஃப், ஜேகே, சியட் எல்லோரிடமும் 195/55 ஆர்16 அளவில் விசாரிக்கலாம். லோடு எண்ணும் (தாங்கும் எடை) வேக எழுத்தும் (தாங்கும் வேகம்) கம்பெனி டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. 17 இஞ்ச் அலாய் ஆசை இருந்தால் அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி பாருங்கள்; 0926 என்றால் 2026இன் ஒன்பதாவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அந்த வரி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பணம் போதாமல் இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடிகிறது என்றால், முன்சக்கர டிரைவ் காராக இருந்தாலும் புதிய ஜோடியைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் முன்பக்கம் நழுவினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் நழுவினால் பெரும்பாலானவர்களால் முடியாது.