அந்த 17,000 ரூபாய் ஏக்கருக்கு இல்லை

கேள்வி: விழுப்புரம் பக்கம் 3 ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பா நட்டிருந்தேன். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் எல்லாம் அழுகிவிட்டது. அரசு 17,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது. 51,000 வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கி மறுபடி நடலாமா? 3,000 கொடுத்தால் பட்டியலில் சேர்க்கிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: கடன் வாங்காதீர்கள். அந்தத் தொகை ஹெக்டேருக்கு. ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். உங்கள் 3 ஏக்கருக்கு முழுதாகக் கிடைத்தாலும் 20,600 சொச்சம்தான். ஏக்கரிலும் சென்ட்டிலும் கணக்குப் பார்க்கும் ஊர்களுக்கு ஹெக்டேரில் அறிவித்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? டிவியில் தொகையைக் கேட்டதுமே கடன் வாங்கிவிடுகிறார்கள். பணம் வரும்போது அது வட்டிக்கே போய்விடுகிறது.

அடுத்து அந்த 3,000. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலைப் பார்த்து, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதினால்தான் பெயர் ஏறும். புரோக்கருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. கணக்கெடுப்பில் தானாகவே பெயர் வந்தவரிடமும் ‘நான்தான் சேர்த்தேன்’ என்று வசூலிப்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து, பாஸ்புக், ஓ.டி.பி. எதுவும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் குத்தகைதான். பட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும். அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கில், சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் இல்லையென்றால், பணம் அவர் கணக்குக்குப் போய்விடும். வாய்மொழிக் குத்தகையில் இதுதான் நடக்கிறது. பெயரைப் பதிந்தால் நாளைக்கு உரிமை கேட்பார்களோ என்று உரிமையாளர் பயப்படுவார். சேற்றில் இறங்கியவர் யார் என்று ஊருக்கே தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது. 1969-லேயே குத்தகைப் பதிவுக்குச் சட்டம் போட்டாயிற்று. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த நிலைமை என்றால் கோபம் வராதா?

உரிமையாளரிடம் இன்றே பேசுங்கள். நிவாரணத்தை உங்களுக்குத் தரச் சம்மதம் என்று எழுதி வாங்கி வி.ஏ.ஓ.விடம் கொடுங்கள். மறுத்தால், குத்தகைப் பணம் கொடுத்த ரசீது, உரம் வாங்கிய பில், வயலில் நீங்கள் நிற்கும் படம், பக்கத்து வயல்காரர்களின் கையெழுத்து இவற்றோடு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.