இரண்டு கம்பமா, ஒரு கம்பமா?

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் பெட்டியில் ஒரு ரோமானியச் செப்புக்காசு இருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. ஒருபக்கம் தலை, மறுபக்கம் ஈட்டியோடு இரண்டு வீரர்கள், நடுவே கம்பம். இவர்கள் ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டையர், ரோமுலஸும் ரெமுஸும் என்கிறார் நண்பர். சரிதானா? பச்சையேறிக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புளி வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கில் அடியில் கெட்டி உலோகம் இருக்கிறது, தாங்கும். இவ்வளவு பழைய காசிலோ மேற்பரப்பே பச்சையும் பழுப்புமாக மாறியிருக்கும். எழுத்தின் விளிம்பு நிற்பதே அந்தப் படலத்தில்தான். புளியின் அமிலத்தில் அது கரைந்தால் எழுத்தும் கூடவே போய்விடும், குழிவிழுந்த செம்பு மிஞ்சும்.

அந்த வீரர்கள் இரட்டையர் அல்லர். சுற்றிலும் ‘குளோரியா எக்ஸெர்சிதுஸ்’ என்றிருக்கும்: படையின் புகழ். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், கி.பி. 330 வாக்கில் தொடங்கிய அச்சு இது. நடுவில் இருப்பது படைப்பிரிவின் கொடிக்கம்பம். அதை எதிரியிடம் பறிகொடுப்பதைவிடப் பெரிய அவமானம் ரோமானியப் படைக்கு இல்லை. பேரரசர் தலையின் மறுபுறத்தில் தெய்வம் இல்லை, பெயரில்லாத சிப்பாய்கள் நிற்கிறார்கள். அரியணையை யார் தாங்குகிறார்கள் என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. நண்பர் நினைப்பது அதே ஆண்டுகளின் வேறொரு காசாக இருக்கலாம்: ஓநாயிடம் பால் குடிக்கும் அந்த இரட்டைக் குழந்தைகள், மேலே இரண்டு நட்சத்திரங்கள், முன்பக்கம் ரோம் நகரின் உருவமான தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி.

இனி, கம்பங்களை எண்ணுங்கள். இரண்டென்றால் 330-335, ஒன்றென்றால் அதற்குப் பிந்தியது. எடை சுமார் இரண்டரை கிராமிலிருந்து ஒன்றரைக்கு இறங்கி வில்லை சுருங்கியபோது, கம்பமும் ஒன்றானது. தேய்ந்த காசில் எடையை மட்டும் நம்பாதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இரு தலைகளுக்கும் இடையே பாருங்கள். தண்டு அழிந்திருந்தாலும் அதன் வட்டத் தட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். காலடிக் கோட்டுக்குக் கீழே இருப்பது அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த ஊரின் அடையாளம். ‘எஸ்எம்ஏஎன்’ என்று தொடங்கினால் அந்தியோக்கியா, ‘எஸ்எம்ஏஎல்’ என்றால் அலெக்சாந்திரியா. எழுத்தெல்லாம் வெறும் கீறல்களாக இருந்தால் நகல் காசோ என்று யோசியுங்கள். இலங்கையில் 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே நிறைய அடித்திருக்கிறார்கள்.

மண்ணை எடுக்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். இளகிய மண்ணை லென்ஸில் பார்த்தபடி மூங்கில் குச்சியால் தள்ளுங்கள், ஊசி கூடாது. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது. ஈரம் படப்பட அமிலம் ஊறி அரித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசை நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் எந்தக் காசையும் போடாதீர்கள், அதுவும் அமிலம் கக்கும்.

எத்தனை கம்பம், காலடியில் என்ன எழுத்து என்று பார்த்து எழுதுங்கள்.