பிரான்சின் கிராமச் சாலைகளில் நண்பர்களுடன் கார்ப் பயணம்: எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நண்பர்களுடன் வாடகைக் காரில், விரைவுச்சாலைகளைத் தவிர்த்துப் பிரான்சின் கிராமப்புறத்தைச் சுற்றிவரும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது வலப்பக்க முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில், வலப்புறச் சின்னஞ்சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகையைக் கடந்து வந்திருந்தால் முன்னுரிமை உங்களுடையது, அதே பலகை குறுக்கே கறுப்புக் கோட்டுடன் தென்பட்டால் அவ்வுரிமை அங்கே முடிகிறது. முன்னிருக்கை நண்பர் வலப்புறத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவது பேருதவி.

நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 2018 ஜூலை முதல் பொது வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.; பின்னர்ச் சில மாவட்டங்கள் தம் சாலைகள் சிலவற்றில் 90-ஐ மீண்டும் அனுமதித்தன. சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப்பெயர்ப் பலகை வந்ததும், எண் எதுவும் எழுதியிராவிட்டாலும் வரம்பு 50-தான்.

பாதையைப் பொறுத்தவரை, மிஷலின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில், இயற்கைக் காட்சி மிக்கவை என்பதைக் குறிக்கப் பச்சைக் கோடு ஓரமிட்ட சாலைகளையே பரிந்துரைப்பேன். தென்பிரான்சின் செவென் மலைத்தொடர் முகட்டில் ஃபுளோராக், சான்-ஜான்-து-கார் என்ற சிற்றூர்களுக்கு இடையே செல்லும் பாதை ஏறக்குறைய 50 கி.மீ.தான், ஆயினும் வளைவுகள் மிகுதி, நின்று பார்க்க வேண்டிய பள்ளத்தாக்குகளும் மிகுதி என்பதால் அரைநாள் ஒதுக்குங்கள். கிராமக் கடைகள் பல நண்பகலில் மூடிவிடும். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.