சி.டி. ஸ்கேன் படிப்பு 'பட்டன் அமுக்கும் வேலை'யா? கேட்கும் பெற்றோருக்கு

மகள் பி.எஸ்சி. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜிதான் வேண்டும் என்கிறாள். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. இத்தனையும் பட்டன் அமுக்கவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். பதிலுக்கு அந்த அறையில் நடக்கும் ஒரு வேலையை மட்டும் பாருங்கள்: இ.சி.ஜி.யோடு இணைத்துச் சி.டி. எடுத்து, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அகலத்தை அளப்பது.

ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனியின் வேர்ப்பகுதி அசைகிறது. சாதாரண சி.டி.யில் அதன் ஓரம் இரட்டையாக விழும். உள்சுவர் கிழிந்ததுபோலவே தெரியும். அதனால்தான் இதயம் ஓய்வில் இருக்கும் நேரத்துப் படத்தை, பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தின் 70–80 சதவீதத்தில், எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை அமைப்பது டெக்னாலஜிஸ்ட். மார்பில் முடி இருந்தால் மழித்து, வியர்வையைத் துடைத்து எலெக்ட்ரோடு ஒட்ட வேண்டும். இ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்பையும் காட்டும் கூரான ஆர் அலை தெளிவாக உயராவிட்டால் மெஷின் வேறு அலையைத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். துடிப்பு நிமிடத்துக்கு 65-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மருந்து கொடுக்கலாம். அதற்கு முன் ஆஸ்துமா உண்டா என்று கேட்டாக வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே கான்ட்ராஸ்ட், அதாவது ரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து. ஊசி வலது கையில், 18 கேஜ் தடிமனில். இடது கையில் போட்டால் மருந்து பெருந்தமனி வளைவுக்கு முன்னால் செல்லும் சிரை வழியாகப் போய், படத்தில் கோடுகளை இழுத்துவிடும். வேகம் நொடிக்கு 4–5 மி.லி.; பின்னாலேயே 30–40 மி.லி. சலைன். மூச்சடக்குவதை முன்பே ஒத்திகை பார்க்காவிட்டால் படம் படிக்கட்டுபோல முறிந்து வரும்.

அளப்பதுதான் உண்மையான திறமை. வாழைத்தண்டைச் சாய்த்து அரிந்தால் வட்டம் நீள்வட்டமாவதுபோல, குறுக்குவெட்டுப் படத்தில் அப்படியே அளந்தால் அகலம் கூடிவிடும். இரண்டு தளங்களில் தமனியின் அச்சோடு கோட்டைப் பொருத்தி, அதற்குச் செங்குத்தான மூன்றாவது தளத்தில் அளக்க வேண்டும். வேர்ப்பகுதியில் மூன்று புடைப்புகள் உண்டு. ஒரு புடைப்பிலிருந்து இன்னொரு புடைப்புக்கு அளந்தால், எதிரில் இரண்டு புடைப்புகள் சேரும் இணைப்பு வரை அளப்பதைவிட ஏறக்குறைய 2 மி.மீ. கூடுதலாக வரும். எந்த முறை, இதயத்தின் எந்தக் கட்டம், சுவரின் உள்ளோரமா வெளியோரமா என்று குறித்து வைக்காத எண்ணை அடுத்த வருடம் ஒப்பிடவே முடியாது.

பெரியவர்களுக்கு மேலேறும் பகுதி பொதுவாக 3 முதல் 3.5 செ.மீ. சுற்றளவில் அல்ல, விட்டத்தில். ஆண்களுக்குச் சற்றே அதிகம். வயதோடும் உடலளவோடும் கூடும். 4 செ.மீ. கடந்தால் வீக்கம் என்று கண்காணிப்பார்கள். 5.5 செ.மீ.யில் பொதுவாக அறுவை சிகிச்சை. மார்ஃபான் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு அதற்கு முன்பே. இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 மி.மீ. வளர்ந்தாலே அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். அளவில் 3 மி.மீ. பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அறிக்கையில் கையெழுத்திடுவது ரேடியாலஜி டாக்டர். இதை மகளும் தெரிந்திருக்க வேண்டும். எக்கோ, இதய ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கேத் லேப் இவைதான் ஆசையென்றால் அது கார்டியாக் டெக்னாலஜி என்ற தனிப் படிப்பு. தொடக்கச் சம்பளத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இரவுப் பணியும் உண்டு. கதிர்வீச்சு பயம் வேண்டாம்: ஸ்கேன் நேரத்தில் அவள் ஈயக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பாள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். இணைந்த மருத்துவமனையில் ஒரே சுற்றில் 64 ஸ்லைஸ் (படத் துண்டு) அல்லது அதற்கு மேல் எடுக்கும் சி.டி. இருக்கிறதா, இதய ஸ்கேன் வாரத்துக்கு எத்தனை நடக்கிறது, மாணவர்களுக்கு உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா என்று கேளுங்கள். முக்கியமாக, படங்களை அளக்கும் கணினியான வொர்க்ஸ்டேஷனில் மாணவர்களே உட்கார்ந்து அளக்க விடுகிறார்களா என்பதை இறுதியாண்டு மாணவர்களிடமே விசாரியுங்கள். பின்னால் நின்று வேடிக்கை மட்டும் பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னால், கட்டணம் குறைவாக இருந்தாலும் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.