நூலிழையில் தவறிய பரிசு ஏன் மறுபடி ஆடவைக்கிறது?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பணம் போன பிறகும் மனிதர்கள் ஏன் சூதாட்டத்தை விடுவதில்லை?

ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது நூலிழைத் தோல்வி. மூன்று ஒரே படங்கள் சேர்ந்தால் பரிசு தரும் சூதாட்ட இயந்திரத்தில் இரண்டு சேர்ந்து, மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்பதுதான் அது. காசு என்னவோ முழுதாகத்தான் போகிறது. ஆனால் வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகள் அப்போதும் தூண்டப்படுவதை 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். ஆடியவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் எந்தப் படம் சேரவேண்டும் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால், இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது.

ஏன் இப்படி? மூளை கைத்தொழிலில் பழகியது; அங்கே நூலிழையில் தவறுவது திறமை கூடிவருவதன் அடையாளம். ஆத்தங்குடியில் பூவேலைத் தரைக்கல் வார்ப்பவருக்குப் பூவின் ஓர் இதழில் மட்டும் நிறம் கலங்கினால், கை ஏறக்குறையப் படிந்துவிட்டது என்று பொருள். அடுத்த கல் தேறிவிடும். சூதாட்ட இயந்திரத்துக்கோ முந்தைய சுற்று நினைவிலேயே இல்லை.

கணக்குத் தெரிந்தவர் சிக்கமாட்டார் என்று, வட்டிக்கணக்கு விரல்நுனியில் இருக்கும் நம் செட்டிநாட்டில் பலர் நம்புகிறார்கள். ஆனால் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவரின் கையும், இரண்டு படங்கள் சேர்ந்ததும் பொத்தானைத் தேடிப் போகக்கூடும்.