அது சர்நேம் இல்லை சார், நீங்கள்தான்!

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அவனை எல்லோரும் 'மிஸ்டர் கோவிந்தராஜன்' என்றே கூப்பிடுகிறார்களாம். இந்த சர்நேமின் பூர்வீகத்தையும் அர்த்தத்தையும் சொல்வதாக ஓர் இணையதளம் பணம் கேட்கிறது. கட்டலாமா?
- கோவிந்தராஜன், கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள். கோவிந்தராஜன் நீங்கள்தானே சார்! இங்கே மகனுக்கு இனிஷியலாக நின்ற அப்பா பெயர்தான் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. உங்களைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்த அன்றைக்குப் பிறந்த சர்நேம் அது.

நம் பக்கத்தில் பூர்வீகம் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். உ.வே.சா.வையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தமதானபுரம்தான் உ, அப்பா வேங்கடசுப்பையர் வே, அப்புறம்தான் சாமிநாதையர். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில், சோழ மன்னன் இரண்டாம் ராஜாதிராஜன் காலத்து அமைச்சர் ஒருவர் வருகிறார். முதலில் ஊர் காரிகைக்குளத்தூர், அப்புறம் பெருமானம்பி என்ற பெயர், கடைசியில் பல்லவராயர். அந்தக் கடைசிச் சொல் ராஜா கொடுத்த பட்டம். சோழர் அதிகாரிகள் பலருக்கு 'மூவேந்தவேளான்' என்று பட்டம் இருந்தது; உங்கள் இணையதளத்திடம் அதைக் கொடுத்தால் சேர, சோழ, பாண்டியர் மூவருக்கும் வாரிசு என்று சான்றிதழே அடித்துக் கொடுத்துவிடும்.

பின்னால் ஒட்டியது பட்டம், இல்லையென்றால் தொழில், இல்லையென்றால் சாதி. தீட்சிதர் என்றால் யாகத்துக்குத் தீட்சை பெற்றவர், ராவுத்தர் என்றால் குதிரை வீரர். சாதி வாலை 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு வெட்டச் சொன்னது, பலரும் வெட்டினார்கள் (பத்திரிகையில் வெட்டிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு, பெயர் கேட்காதீர்கள்). தலைமுறை தலைமுறையாக வருகிற அசல் குடும்பப் பெயர் டெல்டாவில் வேண்டுமென்றால் தஞ்சாவூர் மராட்டியரிடம் போக வேண்டும். தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய வெங்கோஜியோடு 1670-களில் வந்த போன்ஸ்லே அந்த ரகம். கும்பகோணத்து சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கும் வீட்டுப் பெயர் உண்டு.

சரி, பூர்வீகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பரணில் இருக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார், இன்ன கிராமம் என்று இரண்டு மூன்று தலைமுறை வரிசையாக இருக்கும். குலதெய்வம் எந்த ஊரில் என்று பாருங்கள், குடும்பம் கிளம்பி வந்த ஊர் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். இதற்கெல்லாம் டாலர் வேண்டாம், தும்மல் வராமல் இருந்தால் போதும்.

பேரன் பிறந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வழக்கப்படி தாத்தா பெயரை வைத்தால் பையன் அங்கே 'கோவிந்தராஜன் கோவிந்தராஜன்' ஆகிவிடுவான். அதற்கு அந்த இணையதளம் என்ன பூர்வீகம் சொல்லும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.